ரெக்கார்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா: வடசென்னை வீட்டுக்கு எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதியில் குடியிருந்து தமிழ்ப் பாட்டு கேட்பவருக்கு, போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தருவது பழைய சிடிதான். தினசரி கேட்க ஸ்ட்ரீமிங் போதும், செட்டிங்ஸைச் சரிசெய்த பிறகு. ரெக்கார்டு, 1990க்கு முந்தைய பாட்டுகள் மேல் உயிரையே வைத்திருப்பவருக்கு மட்டும். அவருக்கு அது இல்லாமல் ஆகாது. மற்றவர்களுக்கு அது இடமும் பணமும் பராமரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும் சாமான்.

ஒலித்தரத்தை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வரவில்லை. உப்புக் காற்று, சுவரில் ஏறும் ஓதம், கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிர்வது, கோடையில் கரண்ட் கட், மழைக்காலத்தில் வாசல்படி தாண்டும் தண்ணீர் எல்லாமே இங்கே பாட்டு கேட்பதில் தலையிடுகின்றன. குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதும் விமர்சனங்களில் இவை வருவதே இல்லை.

எந்தப் பதிப்பு என்பதைப் பாருங்கள்

ஒரே பாட்டு மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கேட்டால் உடனே தட்டையோ ஃபைலையோ காரணம் சொல்லிவிடுகிறோம். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், எடுத்தபின் அதில் என்ன கை வைத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த வித்தியாசம். 1960களிலும் 70களிலும் வந்த தமிழ்ப் படப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. பின்னாளில் சிடிக்கும் ஆன்லைனுக்கும் கொண்டுவந்தபோது சிலவற்றில் இரைச்சலைக் கழித்தார்கள். சிலவற்றில் எக்கோ போட்டு ஸ்டீரியோ மாதிரி விரித்தார்கள். சிலவற்றில் மொத்தச் சத்தத்தையும் தூக்கி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிடும்படி செய்துவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுமாரான ஹெட்போனில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். பல்லவி எடுக்கும் முன் பாடகர் இழுக்கும் மூச்சு கேட்கிறதா? இரைச்சலை அளவுக்கு மீறிக் கழித்திருந்தால் முதலில் காணாமல் போவது அதுவும், ஜால்ராவின் கடைசி அதிர்வும்தான். அடுத்து, மோனோ பாட்டில் குரல் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். வலதும் இடதுமாகக் குரல் அலைந்தால் பிற்பாடு செய்த வேலை. மூன்றாவது, பாட்டு முடியும் இடம். கடைசி வயலின் மெல்லக் கரைந்து போகாமல் சட்டென்று அறுந்தால் அங்கேயும் கத்தரி விழுந்திருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் ஒரே பாட்டு படத்தின் பெயரில் ஒரு ஆல்பத்திலும், ஹிட்ஸ் தொகுப்பு என்று வேறு இரண்டு மூன்று ஆல்பங்களிலும் கிடக்கும். எல்லாம் ஒரே ஃபைலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றையும் போட்டுக் கேட்டு, மூச்சு கேட்கிற பதிப்பைச் சேமித்து வையுங்கள். பத்து நிமிட வேலை, செலவே இல்லை. புது ஸ்பீக்கர் வாங்கியதைவிடப் பெரிய மாற்றம் சில பாட்டுகளில் இதிலேயே கிடைத்துவிடும்.

கணினியில் பதிவாகி, கணினியிலேயே கலவை செய்த பாட்டுக்கு ரெக்கார்டு வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அந்தத் தட்டையும் பெரும்பாலும் டிஜிட்டல் ஃபைலை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். பெரிய அட்டைப்படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அதுவும் நியாயமான ஆசைதான். ஒலிக்காக என்றால் சிடியே போதும்.

ரெக்கார்டு: டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள்

பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய புத்தகம், பழைய சாமான்களுக்கு நடுவே ரெக்கார்டு தேடுபவர்கள் அங்கேயும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் அலைவது வழக்கம். அச்சிட்ட விலை என்று எதுவும் கிடையாது. அட்டையின் அழகுக்கும் படத்தின் பெயருக்கும்தான் விலை சொல்வார்கள். தட்டின் நிலையைப் பார்க்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு.

தமிழ் ரெக்கார்டுகளில் ஒரு விசேஷம் உண்டு. நிறைய தட்டுகள் வீட்டிலிருந்து வருவதில்லை, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் போட்டவர்களிடமிருந்து வருகின்றன. அட்டையிலோ லேபிளிலோ 'சவுண்ட் சர்வீஸ்' என்று ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், பேனாவால் வரிசை எண் எழுதியிருக்கும். கனமான ஊசியில், குழாய் ஸ்பீக்கருக்காக ஆயிரம் தடவை ஓடிய தட்டு அது. எந்தப் பாட்டு ஊரெல்லாம் ஹிட்டோ அதற்கு ஊசி ஓடும் பள்ளம் மட்டும் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருக்கும். யாரும் கேட்காத பாட்டு புதுசாகப் பளபளக்கும். எனவே முத்திரை கண்ணில் பட்டால் முதலில் ஹிட் பாட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் திரும்ப வராது. பாடகர் உச்சத்தில் பாடும்போது கரகரவென்று கிழியும்.

தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் பிடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துத் திருப்புங்கள். மேலோட்டமான முடிக்கீறல்கள் பயப்பட வேண்டியவை அல்ல. நகத்தின் நுனியை மெதுவாக ஓட்டும்போது தட்டுப்படும் கீறல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' தரும். 33⅓ வேகத்தில் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தடவை அதைக் கேட்க வேண்டியிருக்கும். வெள்ளையாகத் தூள் படிந்தது போல இருந்தால் பூஞ்சணம், அது கழுவினால் போகும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் பின்னிக் கிடந்தால் பலமுறை ஏற்றி இறக்கிய தட்டு. கடைசியாகக் கண் மட்டத்தில் வைத்து ஓரத்தைப் பாருங்கள். அலை அலையாக வளைந்திருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

லேபிளில் வேகத்தைப் படிக்காமல் போடாதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டு என்றாலே 33 என்று நினைப்பது தவறு. நம் ஊரில் 45 வேகத்தில் ஓடும் பெரிய தட்டுகளும் வந்தன, 33 வேகத்தில் ஓடும் ஏழு அங்குலத் தட்டுகளும் வந்தன. குரல் தூக்கத்தில் பாடுவது போல இழுத்தால் தட்டில் குறை இல்லை, வேகம்தான் மாறியிருக்கிறது.

78 வேகத் தட்டு தனி உலகம். அது அரக்கு கலந்தது, கனமானது, கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் 1938இல் மறைந்தவர். அவர் வாசிப்பு இன்று நம் காதுக்கு எட்டுகிறது என்றால் அது இந்த மூன்று நிமிடத் தட்டுகளால்தான். எல்பி, அதாவது 33 வேகப் பெரிய தட்டுக்கான ஊசியின் முனை 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு, 78க்கு வேண்டியது 3 மில் அளவு. எல்பி ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் கொண்டுவரும். இன்னொன்று, 78ஐ ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

ப்ளேயரில் இரண்டே மாடல்களைச் சொல்கிறோம். முதல் தடவை வாங்குபவருக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானே போய் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. 33, 45 மட்டும் ஓடும். ஊசி செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். பழைய மோனோ தட்டும் 78உம் வைத்திருப்பவருக்கு அதே கம்பெனியின் எல்பி120எக்ஸ். பெல்ட் இல்லை, மோட்டாரே தட்டைச் சுற்றும், மூன்று வேகமும் உண்டு. அதோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜில் 78க்கான ஊசியைத் தனியாக வாங்கிச் செருகலாம். சூட்கேஸ் வடிவில் ஸ்பீக்கரோடு வரும் மலிவு ப்ளேயரைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் ஊசி ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். மைக் செட்காரர் செய்த வேலையை வீட்டிலேயே செய்வதற்கு அது ஒன்றே போதும்.

எல்பி120எக்ஸ் வாங்கினால் பொருத்துவது உங்கள் வேலை. தட்டுமேசை நாலு பக்கமும் மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். எதிர் எடையைத் திருகி, கை காற்றில் மிதப்பது போல நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். எடையைச் சுற்றியுள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எடையோடு சேர்த்து 2 கிராமுக்குத் திருகுங்கள். கை நடுவை நோக்கி இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் திருகும் 2. எண்ணை நம்பி விட்டுவிடாமல் ஒரு சின்ன டிஜிட்டல் ஊசித் தராசில் சரிபார்ப்பது நல்லது. எடை குறைந்தால் ஊசி துள்ளும். துள்ளும் ஊசிதான் தட்டை அதிகம் கெடுக்கிறது, சற்றே அழுத்தும் ஊசி அல்ல.

புதிதாக இணைப்பவர்களிடம் அடிக்கடி வரும் புகார் இரண்டு. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து, பாஸே இல்லாமல் இருந்தால் ப்ரீஆம்ப் எங்குமே வேலை செய்யவில்லை. பாஸ் பொங்கி, குரல் உடைந்தால் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் திருப்பிப் போடுகிறது. அது ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய இடத்தில் செருகினால் ப்ளேயரின் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஃபோனோவிலும், ஆக்ஸில் செருகினால் லைனிலும் இருக்கட்டும்.

'ம்ம்' என்ற அடிநாதம் விடாமல் கேட்டால் எர்த் பிரச்சினை. ப்ளேயரில் தனி எர்த் வயர் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் முடுக்குங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தாலும் பின்னால் எர்த் வயரே இழுக்காமல் விட்டிருப்பார்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

வேகம் சரியா என்று பார்க்க ஸ்ட்ரோப் அட்டை (கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை, வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்கும்) வைப்பவர்கள் 50 ஹெர்ட்ஸ் வளையத்தையே பார்க்க வேண்டும். 33⅓க்கு அதில் 180 கோடுகள் இருக்கும். வெளிநாட்டு அட்டையில் 216 கோடுகள் உள்ள வளையம் 60 ஹெர்ட்ஸுக்கானது, நம் கரண்டுக்கு உதவாது. எல்இடி பல்பு பலவற்றில் கோடு நிற்காது, பழைய குண்டு பல்பிலோ சோக் வைத்த டியூப்லைட்டிலோ பாருங்கள். பெல்ட் ப்ளேயரில் வேகம் தொய்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

ப்ளேயரை எங்கே வைப்பது என்பதுதான் வடசென்னையில் பெரிய கேள்வி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை, மணலி சாலை, எண்ணூர் விரைவுச் சாலை பக்கத்து வீடுகளில் லாரி போகும்போது மேசை நடுங்குவது கைக்கே தெரியும். ஊசி அந்த நடுக்கத்தையும் பாட்டோடு சேர்த்துப் படித்துவிடும். இதற்கு நம் வீடுகளிலேயே நல்ல வழி இருக்கிறது. சுவருக்குள் பதித்த கடப்பா கல் தட்டு, எந்த ஆடியோ ஸ்டாண்டுக்கும் குறைந்ததில்லை. கல்லின் மேல் அரை அங்குல ரப்பர் ஷீட்டோ தடித்த யோகா மேட் துண்டோ போட்டு, அதன் மேல் ப்ளேயர். ஸ்பீக்கரை அதே கல்லில் வைக்கக் கூடாது.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வேண்டாம். உப்புப் படிந்து பள்ளத்துக்குள் கரகரப்பாக நிற்கும். மெக்கானிக் கடைகளில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். கேனைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும், பக்கத்திலேயே ஆசிடும் விற்பார்கள். 800 மில்லி தண்ணீருக்கு 200 மில்லி ஐசோப்ரோபைல் ஆல்கஹால், இரண்டே சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளத்தின் வழியே வட்டமாக மூன்று நான்கு சுற்று. லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு துணியால் இரண்டு சுற்று. இதை விட்டுவிட்டால் சோப்பு ஊசியில் ஏறும். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிமிர்த்தி, ஃபேன் போடாமல் ஒரு மணி நேரம் காய விடுங்கள். ஃபேன் போட்டால் தெருத் தூசி எல்லாம் ஈரத்தில் ஒட்டும். காய்ந்ததைப் பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சணம் அதில்தான் குடியிருந்தது.

மோனோ தட்டுக்கு ஒரு கைவேலை உண்டு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, தூசியும் தேய்மானமும் மேலும் கீழுமாகவும் ஊசியை ஆட்டுகின்றன. இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தும் கணத்தில் இரைச்சல் பின்வாங்கிக் குரல் முன்னே வருவதைக் கேட்டால்தான் இதன் அருமை புரியும்.

ஊசிக்கும் ஆயுள் உண்டு. ஆடியோ-டெக்னிகா சொல்லும் கணக்குப்படி கூம்பு முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300. தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஒரு வருஷம்கூட வராது. ப்ளேயர் வாங்கும் பட்ஜெட்டிலேயே ஒரு ஊசியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுக்கும் விதம்: நிமிர்த்தித்தான், படுக்க வைத்து அல்ல. பரணில் வேண்டாம். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே மே மாதச் சூடு தட்டை வளைத்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், ஓதம் அட்டையைத் தின்னும். தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் வையுங்கள். 2015லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னைத் தரைத்தளங்களில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். நனைந்துவிட்டால் அன்றைக்கே தட்டுகளை உறையிலிருந்து உருவுங்கள். அட்டை தட்டோடு ஒட்டிக் காய்ந்தால் இரண்டும் போச்சு. தட்டைக் கழுவிக் காப்பாற்றிவிடலாம். அட்டையை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் கனம் ஏற்றிக் காய வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

சிடி: இப்போதுதான் வாங்க வேண்டிய நேரம்

ரெக்கார்டுக்கு எல்லோரும் அலைவதால் சிடி அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வீடு மாற்றுபவர்கள் பையோடு தூக்கிப் போடுகிறார்கள். 1982இல் வந்த அதே முறைதான் இன்றும்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்ட்ரீமிங்கின் 320 கிலோபிட் இதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. நன்றாகச் செய்த 320ஐயும் சிடியையும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொல்வது பழகிய காதுக்கே கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிடியை முதலில் வைப்பதற்கு அது காரணமில்லை. 90களில் வந்த சிடிகளில் பல, சத்தத்தை ஏற்றும் பழக்கம் முற்றுவதற்கு முன் செய்தவை. அந்தப் பதிப்பு ஒருமுறை உங்கள் கைக்கு வந்துவிட்டால் யாரும் திருப்பி எடுக்க முடியாது. அதற்காகத்தான்.

போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்புறம் வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சிட்டது. பச்சையோ ஊதாவோ நீலமோ ஓடினால் கம்ப்யூட்டரில் எழுதியது. ஒரு காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிய 'நூற்றைம்பது பாட்டு' தட்டுகள் எம்பி3. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஒலிக்கு அல்ல. இன்னொரு வகை ஏமாற்று, எம்பி3யையே விரித்து ஆடியோ சிடியாக எழுதுவது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல இருட்டாக இருக்கும். பழைய பதிவுகளில் இயல்பாகவே உச்ச ஒலி குறைவு. ஆனால் அது மெல்ல மங்கும், நேர்கோடாக நிற்காது.

தட்டைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அல்லது ஓரத்திலிருந்து காப்பி நிறம் உள்ளே ஏறினால், உள்ளிருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. பலர் கீழ்ப்பக்கத்தைக் கண்ணாகப் பார்த்துவிட்டு மேல்பக்கத்தை அலட்சியமாக விடுகிறார்கள். உண்மையில் மெல்லிய பக்கம் மேலே இருப்பதுதான். படத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய வார்னிஷ் படலம் மட்டுமே. அங்கே விழும் கீறல் தகவலையே உரித்துவிடும். கீழ்ப்பக்கத்துக் கீறலைப் பெரும்பாலும் டிரைவ் சமாளிக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல.

வாங்கிய வாரத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுத்து, அக்யூரேட்ரிப் சரிபார்ப்பை இயக்கி, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைலாக எடுங்கள். மற்றவர்கள் ஏற்றிய அதே தட்டோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். தமிழ் சிடிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது, அப்போது இரண்டு முறை எடுத்துச் சரிபார்ப்பு எண் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத் தட்டு சுமார் 350 எம்பி ஆகும். ஒரு டிபி டிஸ்கில் இரண்டாயிரத்துக்கு மேல் தட்டு அடங்கும். இரண்டாவது பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

சிடி ப்ளேயரே வேண்டும் என்பவர் பழைய ப்ளேயரை வாங்கும்போது கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது. பலவீனமான லேசர் பெரும்பாலும் ஓரத்துப் பாட்டில்தான் திணறும். கேஎஸ்எஸ்-213 போன்ற பரவலான லேசர் பாகம் என்றால் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கும் தூரம். கடல் பக்க வீட்டில் வயர் செருகும் ஆர்சிஏ முனைகளில் பச்சை பூக்கும், வால்யூம் திருகினால் கரகரக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

ஸ்ட்ரீமிங்

இங்கே பேச அதிகம் இல்லை, சரிசெய்ய நாலு விஷயம்தான். ஆப்பில் வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோடு மூன்றுக்கும் தரம் தனித்தனியாக இருக்கும், மூன்றையும் உச்சத்தில் வையுங்கள். 320 கிலோபிட்டுக்கு மணிக்குச் சுமார் 144 எம்பி டேட்டா போகும். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணமின்றி லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத ஒலி தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் கொண்டுவந்தது, நீங்கள் கட்டும் திட்டத்தில் அது உண்டா என்று பார்த்துக் கட்டுங்கள். புளூடூத்தில் கேட்டால் வழக்கமான ஹெட்போன்களில் லாஸ்லெஸ் அப்படியே வந்து சேராது, வழியில் மறுபடி சுருங்கும். அதற்குக் கூடுதல் காசு கட்டியவர் ஒரு யுஎஸ்பி-சி டாங்கிளும் வயர் ஹெட்போனும் வாங்கிவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் எங்களுக்கு உள்ள பெரிய குறை ஒலி அல்ல. ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு போய்விடும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மொத்தமாகக் காணாமல் போனது இப்படித்தான். பாடலாசிரியர் பெயரும் பல இடங்களில் இருக்காது. எல்பி அட்டையைத் திருப்பினால் எழுதியவர் யார் என்று அச்சிட்டிருக்கும். எழுதியவர் பெயரை மறைத்துப் பாட்டை விற்பது எங்களுக்கு உறுத்துகிறது.

கானா கேட்பவருக்கு

மேலே சொன்ன மூன்றிலும் சேராத ஒன்று இந்தப் பகுதியின் சொந்த இசை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்துக் கானா பெரும்பாலும் எல்பியில் ஏறவே இல்லை. கேசட்டில் வந்தது, இப்போது யூட்யூபில் வாழ்கிறது. யூட்யூபில் ஒலி சுமார் 128 முதல் 160 கிலோபிட்தான், ஏற்றியவர் கணக்கை மூடினால் அதுவும் இல்லை. வீட்டில் பழைய கானா கேசட் வைத்திருப்பவர்கள் ரெக்கார்டு ப்ளேயருக்குச் செலவழிக்கும் முன் ஒரு நல்ல கேசட் டெக்கைப் பிடியுங்கள்.

முதலில் கேசட்டின் உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள். இருந்தால் டெக்கில் போடாதீர்கள், ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். டேப்புக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால், கெட்டுப்போன வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஹெட்டையும் இழுக்கும் உருளையின் இரும்புத் தண்டையும் ஐசோப்ரோபைல் தொட்ட பட்ஸால் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஸ்ப்ரிங் போட்ட ஒரு சின்ன திருகு இருக்கும். பாட்டை மோனோவில் ஓடவிட்டு, அந்தத் திருகைக் கால் சுற்றுக்குள்ளேயே மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தாளமும் பாடுபவர் சொல்லும் 'ச', 'ஸ' எழுத்துகளும் எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். திருகுவதற்கு முன் அது நின்ற இடத்தைப் பெயிண்ட் சொட்டால் குறித்திருந்தால் அடுத்த கேசட்டுக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சலைக் கழிக்காமல் ஒரு பிரதியை அப்படியே வைத்துவிட்டு, வெட்டுவதையும் திருத்துவதையும் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். ஃபைல் பெயரில் பாடியவர், தாளம் அடித்தவர், எந்த ஏரியா, கேசட் அட்டையில் உள்ள வருஷம் எல்லாம் இருக்கட்டும். கேசட் அட்டையையும் இருபுறமும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.